நாற்பதில் தொடங்கும் உடற்கட்டு: முதல் டம்பெல்லிலிருந்து புரோ கார்டு வரை

நாற்பது வயதில் முதன்முறையாக ஜிம்முக்குள் கால் வைத்து, என்றாவது தொழில்முறை உடற்கட்டு வீரராக மேடையேற வேண்டும் என்ற ஆசையை மனதுக்குள் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த ஆசையைக் கேட்டதும் சிரிப்பவர்கள் உண்டு. “ஆறே மாதத்தில் ஆளை மாற்றிவிடலாம் சார்” என்று தட்டிக்கொடுத்து முன்பணம் வாங்குபவர்களும் உண்டு. இரு தரப்பாருக்கும் காது கொடுக்க வேண்டாம். நாற்பதிலும் ஐம்பதிலும் தசை வளரும். மூத்தோர் பிரிவில் மேடையேறுவது, விடாமல் உழைக்கும் பெரும்பாலோருக்கு எட்டக்கூடிய இலக்கு. தொழில்முறைப் போட்டிகளில் இறங்குவதற்கான உரிமமான புரோ கார்டு மட்டும் உடல்வாகு, பொறுமை, பணம் மூன்றும் கூடிவரும் சிலருக்கே வாய்க்கும். அந்தச் சிலரில் நீங்களும் ஒருவரா என்பது இரண்டு மூன்று ஆண்டு ஒழுங்கான பயிற்சிக்குப் பிறகுதான் தெரியவரும். அதுவரை வேலையை விடவோ நகையை அடகு வைக்கவோ அவசியமே இல்லை.

உதாரணங்களைச் சரியாகப் படியுங்கள்

தொழில்முறை உடற்கட்டின் உச்சப் பட்டமான மிஸ்டர் ஒலிம்பியாவைக் கிறிஸ் டிக்கர்சன் 1982-ல் வென்றபோது அவருக்கு வயது 43. ஷான் ரோடன் 2018-ல் வென்றபோதும் 43. டெக்ஸ்டர் ஜாக்சன் 2008-ல் 38 வயதில் ஒலிம்பியாவை வென்றார். 45 வயதில், 2015-ல், இன்னொரு பெரிய போட்டியான அர்னால்ட் கிளாசிக்கையும் வென்றார். வயது கடந்து தொடங்குபவர்களுக்கு இந்தப் பெயர்களைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் டிக்கர்சன் 1970-லேயே மிஸ்டர் அமெரிக்கா ஆனவர். ஜாக்சன் போட்டி மேடையில் ஏறத் தொடங்கியது 1992-ல். இளமையில் கட்டிய தசையை நாற்பதுகள் வரை காப்பாற்றி மெருகேற்றியவர்கள் இவர்கள். அந்த இருபது ஆண்டு நம் கையில் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் திட்டம் சரியாக அமையும்.

உண்மையிலேயே தாமதமாகத் தொடங்கியவர் என்றால் அமெரிக்காவின் எர்னஸ்டீன் ஷெப்பர்டைச் சொல்ல வேண்டும். உடற்பயிற்சியே 56 வயதில்தான் ஆரம்பம். எழுபதைக் கடந்த பிறகு உடற்கட்டில் தீவிரமாக இறங்கி, உலகின் மிக மூத்த பெண் போட்டியாளர் என்று 2010-ல் கின்னஸ் அங்கீகாரம் பெற்றார். நம் பக்கத்தில் ஹைதராபாத்தைச் சேர்ந்த கிரண் டெம்ப்ளா, குடும்பத் தலைவியாக இருந்து முப்பதுகளில் எடை தூக்கத் தொடங்கி, 2013-ல் புடாபெஸ்ட் உலகப் போட்டி வரை போனார். இருவருக்கும் பயிற்சியாளர் பணி அடையாளமாகவும் பிழைப்பாகவும் அமைந்தது. தாமதமாகத் தொடங்குபவர் எதிர்பார்க்கத்தக்க தொழில் வாழ்க்கை பெரும்பாலும் இந்த வடிவில்தான் வரும்.

வயதானால் தசை வளராது என்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வே போதும். பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் வசித்த, சராசரி வயது 90 கொண்ட பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்குக் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். 1990-ல் முடிவு வெளியானது: கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்திருந்தது, தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறில் அது முடியும் என்றால் நாற்பதில் தயங்கக் காரணம் இல்லை.

முதல் படி: மருத்துவர்

ஜிம்மில் பணம் கட்டுவதற்கு முந்தைய வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு அளவுகள், கிரியேட்டினின், கல்லீரல் என்சைம்கள், தைராய்டு, வைட்டமின் டி, பி12, இசிஜி ஆகியவை அடிப்படை. டிரெட்மில் சோதனையோ எக்கோவோ தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். நமது மக்களுக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் மேலைநாட்டவரைவிட முன்கூட்டியே, குறைந்த எடையிலேயே வருகின்றன. அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே கூடுதல் எடை என்றும், ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் எச்சரிக்கை என்றும் வகுத்திருக்கிறார்கள். மேலே சொன்ன ஷான் ரோடன், பட்டம் வென்ற மூன்றே ஆண்டுகளில், 46 வயதில் மாரடைப்பால் இறந்தார். இந்த விளையாட்டில் வெளித்தோற்றத்தை வைத்து இதயத்தை அளக்க முடியாது.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. இரத்த அழுத்த மாத்திரைகளில் சில இதயத் துடிப்பைக் குறைத்துக் காட்டும். சில சிறுநீரை அதிகம் வெளியேற்றும். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால், மூச்சை அடக்கி முக்கித் தூக்கும் பயிற்சிகள் கண்ணுக்கு ஆபத்து. குடலிறக்கம் இருந்தால் அதைக் கவனித்த பிறகுதான் எடையைத் தொட வேண்டும்.

பயிற்சி தொடங்கிய பின் செய்யும் இரத்தப் பரிசோதனையில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். கடுமையாகக் கால் பயிற்சி செய்த மறுநாள் இரத்தம் கொடுத்தால், கல்லீரல் என்சைம் என்று நாம் சொல்லும் ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் உயர்ந்திருக்கலாம். அவை தசையிலிருந்தும் வெளிவருபவை. தசை கூடினாலும், கிரியேட்டின் என்ற துணை உணவுப் பொடியைச் சாப்பிட்டாலும் கிரியேட்டினின் அளவு சற்று ஏறித் தெரியும். ஆகவே ஒரு வாரமாவது கடும் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள். எடைப் பயிற்சி செய்கிறேன் என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சிறுநீரகத்தில் ஐயம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற வேறு பரிசோதனை இருக்கிறது.

இரண்டாம் படி: முதல் ஆறு மாதம்

வயது கடந்து தொடங்குபவர் பாதியில் நிற்பதற்கு முக்கியக் காரணம் மூட்டு வலி என்பேன். தசை வேகமாகப் பழகும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநார் மெதுவாகத்தான் பழகும். இரண்டாவது மாதத்தில் கை கால்களில் புது வலு தெரியும், எடையை ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும். அந்த நேரத்தில் முழங்கை, தோள்பட்டை, முழங்காலின் நார்கள் இன்னும் தயாராகியிருக்காது. பக்கத்தில் 22 வயதுப் பையன் மூன்றே மாதத்தில் பெஞ்ச் பிரஸ்ஸில் நூறு கிலோ தூக்கினால் தூக்கட்டும். உங்கள் போட்டி அவனோடு இல்லை.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடலுக்கும் பயிற்சி. டம்பெல்லை மார்போடு பிடித்துச் செய்யும் காப்லெட் ஸ்குவாட், ருமேனியன் டெட்லிஃப்ட், டம்பெல் பெஞ்ச் பிரஸ், உட்கார்ந்து இழுக்கும் கேபிள் ரோ, லேட் புல்டவுன், உட்கார்ந்து செய்யும் டம்பெல் ஷோல்டர் பிரஸ், கடைசியாகக் கெண்டைக்காலுக்கு ஒன்று, பிளாங்க் ஒன்று. இவ்வளவு போதும். ஒரு அசைவை ஒருமுறை முழுதாகச் செய்வது ஒரு ரெப்; இடையில் ஓயாமல் செய்யும் ரெப்களின் தொகுப்பு ஒரு செட். முதல் மாதம் ஒவ்வொன்றும் இரண்டு செட், பிறகு மூன்று. ஒரு செட்டுக்கு 10 முதல் 15 ரெப். பின்கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ்ஸும் புல்டவுனும் வேண்டவே வேண்டாம். நாற்பதுக்கு மேல், அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இறுகிப்போவது சாதாரணம். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

எவ்வளவு எடை என்பதுதான் புதியவரின் முதல் கேள்வி. ஸ்குவாட்டை வைத்தே பார்ப்போம். பின்னால் ஒரு பெஞ்ச். டம்பெல்லின் ஒரு முனையை இரு உள்ளங்கைகளிலும் ஏந்தி, மார்போடு ஒட்டிப் பிடியுங்கள். முழங்கைகள் தரையைப் பார்க்கட்டும். கால்கள் தோள் அகலம், பாதம் சற்று வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும். மூச்சை இழுத்துக்கொண்டு மூன்று எண்ணும் நேரம் மெதுவாக இறங்குங்கள். பெஞ்சை இடுப்பு தொட்டதும், உட்கார்ந்துவிடாமல், பாதம் முழுவதையும் தரையில் அழுத்தி மூச்சை விட்டபடி எழுங்கள். ஏழாவது எட்டாவது ரெப் வரை எழும் வேகம் ஒரே சீராக இருக்கும். அதற்குப் பின் ஏதோ ஒரு ரெப்பில், நீங்கள் வேகமாக எழ முயன்றும் உடல் மெதுவாகத்தான் எழும். அந்த இடத்தைக் கவனியுங்கள். இன்னும் இரண்டு அல்லது மூன்று ரெப்தான் மிச்சம் என்று பொருள். அங்கேயே நிறுத்துங்கள். முதல் ஆறு மாதம் எந்தச் செட்டையும் அதற்கு மேல் இழுக்க வேண்டாம். எல்லாச் செட்டிலும் 15 ரெப் சுத்தமாக வந்தால், அடுத்த முறை இரண்டு அல்லது இரண்டரை கிலோ கூட்டுங்கள்.

இதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள்: தேதி, பயிற்சி, எடை, ரெப், அன்றைய தூக்கம், எங்காவது வலித்ததா. தசை முழுவதும் பரவலாக வலித்து இரண்டு மூன்று நாளில் போனால் கவலை இல்லை. மூட்டில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலித்தால் அந்தப் பயிற்சியை அன்றே மாற்றுங்கள். “வலியோடு செய்தால்தான் வளரும்” என்று சொல்லும் மாஸ்டரிடமிருந்து விலகிவிடுங்கள்.

நடை, சைக்கிள், நீச்சல் என ஏதாவது ஒன்று வாரத்துக்கு 150 நிமிடம். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல். இரவுப் பணி செய்பவர்கள் தூங்கி எழுந்த பின் பயிற்சி செய்யும்படி நேரத்தை மாற்றிக்கொள்ளட்டும். பணி முடித்த களைப்பில் எடை தூக்க வேண்டாம்.

மூன்றாம் படி: சாப்பாடு

நம் வீட்டுச் சாப்பாட்டில் தசை வளர்க்கலாம். புரதத்தை மட்டும் கணக்குப் பார்த்துச் சேர்க்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது நல்ல தொடக்கம். வயது ஏறும்போது உடல் புரதத்துக்கு மந்தமாகத்தான் ஈடுகொடுக்கிறது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.4 கிராம் அளவாவது வந்தால்தான் தசை அதைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்கிறது. காலையில் நான்கு இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு மட்டும் அரைக் கிலோ கோழி என்பது இந்தக் கணக்குக்கு ஒத்துவராது.

72 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாளுக்குச் சுமார் 115 கிராம், வேளைக்கு 30 கிராமை ஒட்டி. காலை மூன்று இட்லி, பருப்பு தாராளமாகப் போட்ட சாம்பார், மூன்று முட்டை: ஏறக்குறைய 28. மதியம் சாதம், கூட்டு, 150 கிராம் கோழி: 40. மாலை ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு தம்ளர் பால்: 16. இரவு இரண்டு சப்பாத்தி, 150 கிராம் மீன், கொஞ்சம் தயிர்: 39. மொத்தம் 120-ஐத் தாண்டிவிடும். மீன் என்றால் வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை. மத்தியும் நெத்திலியும் விலை குறைவு, புரதத்தில் குறைவில்லை.

சைவர்களுக்கு மீல் மேக்கர் பெரிய வரம். உலர்ந்த 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம். பனீரில் 18, வேர்க்கடலையில் 25. ஆனால் இரண்டிலும் கொழுப்பும் கூடவே வரும் என்பதால் அளவு தெரிந்து சாப்பிட வேண்டும். பாலும் தயிரும் போதாமல் பி12 குறைவது சைவர்களிடம் அடிக்கடி காணப்படுவதால் அதைப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டப்பாக்களில் விற்பவற்றில் இரண்டுக்குத்தான் செலவு செய்யலாம். சாப்பாட்டில் புரதம் எட்டாத நாளில், பாலிலிருந்து எடுக்கும் வே புரதம். தினமும் 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட். ஆண் ஹார்மோனைக் கூட்டும் ‘டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர்’ என்று விற்கும் எதையும் தொடாதீர்கள். உலகம் முழுவதும் இத்தகைய டப்பாக்களில் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டுகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஊக்கமருந்துப் பரிசோதனை உள்ள போட்டியில் ‘எனக்குத் தெரியாமல் கலந்திருந்தது’ என்று சொல்லித் தப்ப முடியாது. உடலுக்குள் போனதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி.

நான்காம் படி: இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள்

இப்போது வாரம் நான்கு நாள். இரண்டு நாள் மேலுடல், இரண்டு நாள் கீழுடல். ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்கு 10 செட்டில் தொடங்கி, உடல் ஈடுகொடுத்தால் 15 வரை. ரெப் மிச்சம் ஒன்று இரண்டாகக் குறையலாம். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை செட்டுகளைப் பாதியாக்கி ஒரு வாரம் உடலை ஆற விடுங்கள். இளைஞர்கள் இதைத் தவிர்த்துவிட்டும் சமாளிப்பார்கள். நாம் தவிர்க்கக் கூடாது. பார்பெல் ஸ்குவாட்தான் உயர்ந்தது, மெஷின் தாழ்ந்தது என்ற பேச்சுக்கும் இடம் கொடுக்காதீர்கள். தீர்ப்பாளர் மேடையில் தொடையைத்தான் பார்க்கிறார். முழங்காலுக்கு லெக் பிரஸ் ஒத்துவந்தால் லெக் பிரஸ்ஸிலேயே தொடையைக் கட்டுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், முன், பின், இரு பக்கங்கள் என நான்கு படங்கள் எடுத்து வையுங்கள். இரண்டரை, மூன்று ஆண்டு முடிவில் அந்தப் படங்களை, உங்களிடம் கட்டணம் வாங்காத ஒரு தீர்ப்பாளரிடமோ அனுபவமுள்ள போட்டியாளரிடமோ காட்டுங்கள். உங்கள் பயிற்சியாளரிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரக்கூடும். கேட்க வேண்டியவை: தோள் எலும்பு அகலமா, இடுப்பு எலும்பு குறுகலா? புஜத் தசையும் கெண்டைக்கால் தசையும் மூட்டு வரை நீண்டிருக்கின்றனவா, பாதியிலேயே நின்றுவிடுகின்றனவா? எந்தப் பகுதி பின்தங்கியிருக்கிறது? எலும்பின் அகலத்தையும் தசை எங்கே போய் ஒட்டுகிறது என்பதையும் எந்தப் பயிற்சியும் மாற்றாது. இந்த அமைப்பு சாதகமாக இருந்து, மூன்று ஆண்டில் தசையும் தெளிவாகக் கூடியிருந்தால் புரோ கனவை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மாவட்ட, மாநில மூத்தோர் மேடைகளை இலக்காக வையுங்கள். அந்த மேடைகளும் மதிப்புக்குரியவை. மூத்தோர் பிரிவில் மாவட்டப் பதக்கத்தோடு வீடு திரும்பும் ஐம்பது வயதுக்காரருக்கு அந்தத் தெருவில் கிடைக்கும் மரியாதை சின்னது இல்லை.

ஊசி பற்றி

மூன்றாம் ஆண்டில் வளர்ச்சி மந்தமாகும். ‘ஒரு சைக்கிள் போட்டால் சரியாகிவிடும்’, அதாவது சில வாரம் ஸ்டீராய்டு எடுத்தால் போதும், என்ற யோசனை பெரும்பாலும் அப்போதுதான் காதுக்கு வரும். சொல்பவர் உங்கள் நலம் விரும்புபவராகவே இருக்கலாம். மறுத்துவிடுங்கள். அனபாலிக் ஸ்டீராய்டுகள் நல்ல கொழுப்பைக் குறைத்துக் கெட்ட கொழுப்பை ஏற்றுகின்றன, இரத்த அழுத்தத்தைக் கூட்டுகின்றன, இரத்தத்தைத் தடிப்பாக்குகின்றன, இதயத்தின் இடது கீழறைச் சுவரைத் தடிக்கச் செய்கின்றன. உடல் தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனை நிறுத்திவிடுகின்றன. விரை சுருங்குவதும், விந்தணு குறைவதும், மார்பகம் வளர்வதும் இதன் விளைவுகள். இருபது வயதில் இவை ஆபத்து. நாற்பதில், இதய நோய்க்கான வயதை ஏற்கெனவே எட்டிவிட்ட உடலில், ஆபத்து பல மடங்கு. டெஸ்டோஸ்டிரோன் உண்மையிலேயே குறைவாக இருந்தால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போங்கள். அவர் சிகிச்சை கொடுத்தாலும், பரிசோதனை உள்ள போட்டிகளில் முன் அனுமதி இல்லாமல் அது தடை செய்யப்பட்ட மருந்துதான்.

மிஸ்டர் ஒலிம்பியாவுக்குப் போகும் புரோ லீக்கின் பெரிய மேடைகளில் ஊக்கமருந்துப் பரிசோதனை வழக்கமாக நடப்பதில்லை. மருந்து எடுக்காத நாற்பது வயதுத் தொடக்கக்காரர் அங்கே எடை வரம்பு இல்லாத ஓபன் பிரிவில் வெல்வது அநேகமாக நடக்காத காரியம். இதைத் தெரிந்துகொண்டுதான் எந்த புரோ கார்டு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்கு இதில் மாற்றுக் கருத்தே கிடையாது: வயது கடந்து தொடங்குபவர், ஊக்கமருந்தை அனுமதிக்காத இயற்கை உடற்கட்டு அமைப்புகளின் கார்டைத்தான் குறி வைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அமைப்பும் பிரிவும்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. உடற்கட்டு உலகில் ஒரே தலைமை அமைப்பு கிடையாது. 1946-ல் பென், ஜோ வைடர் சகோதரர்கள் தொடங்கிய ஐஎஃப்பிபி என்ற உலகச் சம்மேளனம், 2017-ல் இரண்டானது. மிஸ்டர் ஒலிம்பியா இப்போது ஐஎஃப்பிபி புரோ லீக்கின் வழியில் இருக்கிறது. அதற்குள் நுழைய அமெரிக்காவில் என்பிசி என்ற அமெச்சூர் அமைப்பு, பிற நாடுகளில் என்பிசி வேர்ல்ட்வைட் நடத்தும் தகுதிப் போட்டிகள். மற்ற ஐஎஃப்பிபி, ‘எலைட் புரோ’ என்ற தனி தொழில்முறைப் பிரிவை வைத்திருக்கிறது. இந்தியாவில் ஐபிபிஎஃப் என்கிற இந்திய உடற்கட்டுச் சம்மேளனம் டபிள்யூபிபிஎஃப் என்ற உலக அமைப்போடு இணைந்தது. இயற்கை உடற்கட்டில் 1990 முதல் இயங்கும் டபிள்யூஎன்பிஎஃப், பொய் கண்டறியும் சோதனை, சிறுநீர்ப் பரிசோதனை இரண்டும் வைத்து புரோ கார்டு கொடுக்கிறது. நேச்சுரல் ஒலிம்பியா நடத்தும் பிஎன்பிஏ இன்னொன்று.

ஓர் அமைப்பின் மாநில ஆணழகன் பட்டம் இன்னோர் அமைப்பின் புரோ கார்டுக்கு வழி திறக்காது. வேறு அமைப்பின் மேடையில் ஏறினால் தடை விதிக்கும் அமைப்புகளும் உண்டு. ஆகவே முதல் போட்டிக்குப் பணம் கட்டுமுன் அமைப்பாளரிடம் மூன்று கேள்விகளை எழுத்து மூலம் கேளுங்கள்: இந்தப் போட்டி எந்த அமைப்பின் கீழ் நடக்கிறது? இதில் வென்றால் அடுத்து எந்தப் போட்டிக்குத் தகுதி? மூத்தோர் பிரிவு எந்த வயதில் தொடங்குகிறது? மூன்றாவது கேள்விக்கான பதில் அமைப்புக்கு அமைப்பு மாறும். ஐஎஃப்பிபியில் ஆண்களின் பாடிபில்டிங் மூத்தோர் பிரிவு 40-ல் தொடங்கும், பெண்களுக்கு 35-ல். என்பிசியில் 35-லிருந்தே மூத்தோர் பிரிவுகள் உண்டு.

தாமதமாகத் தொடங்குபவருக்கு ஏற்ற பிரிவு எது? ஓபன் பாடிபில்டிங்குக்குத் தேவையான தசைப் பருமனைச் சேர்க்கக் காலம் போதாது. ஆண்களுக்கு மென்ஸ் ஃபிசிக் ஏற்றது. 2013-ல் ஒலிம்பியாவில் அறிமுகமான இந்தப் பிரிவில் முழங்கால் வரை நீளும் ஷார்ட்ஸோடு நிற்பதால் தோள், முதுகு, வயிறு, இடுப்பின் குறுகல் ஆகியவைதான் பேசும். உடல் விகிதம் நன்றாக அமைந்தவர்கள் பிறகு கிளாசிக் ஃபிசிக்குக்குப் போகலாம். அதில் உயரத்துக்கு ஏற்ற எடை வரம்பு இருக்கிறது. பெண்களுக்கு பிகினி, ஃபிகர், வெல்னஸ் என்று பிரிவுகள் உண்டு. குள்ளமானவர்கள் தயங்க வேண்டாம். இந்திய வீரர் மனோகர் ஐச் 4 அடி 11 அங்குலம்தான். 1952-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தம் உயரப் பிரிவில் வென்றார். அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டி.

ஆறாம் படி: போஸ்

மேடையில் யாரும் உங்களை எடை தூக்கச் சொல்ல மாட்டார்கள். போட்டிக்கு ஆறு மாதம் இருக்கும்போதே தினமும் பதினைந்து நிமிடம் போஸ் பழகத் தொடங்குங்கள். பாடிபில்டிங், கிளாசிக் பிரிவுகளில் கட்டாய நிலைகள் உண்டு. மென்ஸ் ஃபிசிக்கில் முன்னும் பின்னும் திரும்பி நிற்பதுதான், ஆனால் அதுவும் பழக்கம் இல்லாமல் வராது.

இரு கைகளையும் மடக்கிப் புஜம் காட்டும் முன்பக்க டபுள் பைசெப்ஸைப் பாருங்கள். புதியவர் நேராகக் கையைத்தான் தூக்குவார். போஸைப் பாதத்திலிருந்து கட்ட வேண்டும். ஒரு காலைச் சற்று முன்னே வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தித் தொடையை இறுக்குங்கள். பின் இரண்டாவது தொடை. மூச்சை வெளியே விட்டு வயிற்றை உள்ளே இழுங்கள். விலாவை விரித்து முதுகுச் சிறகைத் திறங்கள். அதற்குப் பிறகே கைகள் உயரட்டும். முழங்கை தோள் உயரத்துக்கு ஓர் அங்குலம் மேலே, மணிக்கட்டு உள்நோக்கி மடிந்து. கடைசியாக முகம்: பல்லைக் கடிக்காமல் ஒரு சிரிப்பு. இப்படியே அரை நிமிடம் நின்று பாருங்கள். தொடை நடுங்கும், மூச்சு வாங்கும். மேடையில் தீர்ப்பாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும்போது இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். போஸ் கொடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கம் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நல்லதில்லை. வயிற்றை இழுத்தபடியே மேல் மார்பால் சிறிது சிறிதாக மூச்சு விடப் பழகுங்கள்.

ஏழாம் படி: போட்டிக்கு முந்தைய பதினாறு வாரம்

கொழுப்பைக் கரைக்க இளைஞர்கள் பன்னிரண்டு வாரம் எடுப்பார்கள். நீங்கள் பதினாறோ இருபதோ எடுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறையலாம். 78 கிலோ உள்ளவருக்கு 400 முதல் 800 கிராம். அதைவிட வேகமாக இறங்கினால் கஷ்டப்பட்டுச் சேர்த்த தசையும் கூடவே போகும். புரதத்தைக் கிலோவுக்கு 2.2 கிராம் வரை உயர்த்தலாம். எடைப் பயிற்சியின் கனத்தைக் குறைக்காதீர்கள்; செட்டுகளை மட்டும் தேவைக்கேற்பக் குறையுங்கள்.

கடைசி வாரங்களில் தூக்கம் கெடும், கோபம் வரும், தாம்பத்திய ஆர்வம் குறையும். மருந்து எடுக்காத ஓர் இளம் வீரரை ஓராண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வில், போட்டித் தயாரிப்பில் அவருடைய டெஸ்டோஸ்டிரோன் நான்கில் ஒரு பங்காகச் சரிந்தது தெரியவந்தது. போட்டிக்குப் பின் அது மீண்டது. வீட்டில் உள்ளவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அலுவலகத்தில் முக்கியப் பொறுப்பு வரும் மாதத்தில் போட்டியை வைத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டுக்கு ஒரு தயாரிப்பு, மிஞ்சினால் அதையொட்டி இரண்டு போட்டிகள். அதற்கு மேல் இந்த வயது உடல் தாங்காது.

கடைசி வாரத்தில் தண்ணீரை நிறுத்தச் சொல்லும் எவர் பேச்சையும் கேட்காதீர்கள். தசைக்குள் இருக்கும் நீரும் வற்றி உடல் சப்பென்று தெரியும். அதைவிட, உயிருக்கே ஆபத்து. 1992-ல் முகமது பெனாசிசா நெதர்லாந்துப் போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இறந்தார். 1996-ல் ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் முன்சர் 31 வயதில் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து இறந்தார். நீரை வெளியேற்றும் மாத்திரைகளின் பெயர் இத்தகைய மரணங்களோடு சேர்ந்தே அடிபடுகிறது. இரத்த அழுத்தத்துக்காக அத்தகைய மாத்திரையை ஏற்கெனவே எடுப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

போட்டி முடிந்த இரவே பிரியாணியில் தொடங்கி ஒரு வாரம் கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டால் கால் வீங்கும், அழுத்தம் ஏறும். சாப்பாட்டைப் பல வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். ஆறு வாரம் கழித்து இரத்தப் பரிசோதனைகளை மீண்டும் செய்துகொள்ளுங்கள்.

எட்டாம் படி: புரோ கார்டும் பணமும்

நாற்பதில் தொடங்கியவருக்கு என் கணக்கு இது: 43-ல் முதல் மாவட்ட மேடை, 45-ல் மாநில அளவில் நிலையான இடம், 47, 48-ல் தேசிய மேடையும் முதல் தகுதிப் போட்டியும். புரோ லீக்கின் வழியில் போனால் தகுதிப் போட்டிகளில் பிரிவையோ ஒட்டுமொத்தப் பட்டத்தையோ வெல்ல வேண்டும். மும்பையில் அமெச்சூர் ஒலிம்பியா நடந்திருக்கிறது. எல்லாத் தகுதிப் போட்டியிலும் மூத்தோர் பிரிவுக்கு கார்டு இருக்காது என்பதால் அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள்.

பரிசுப் பணத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். 2024-ல் மிஸ்டர் ஒலிம்பியா வென்றவருக்கு 6 லட்சம் டாலர் கிடைத்தது உண்மை. அது ஒரே ஒருவருக்கு. அதற்குக் கீழே, நுழைவுக் கட்டணம், பயணம், விசா, மேடை நிறப்பூச்சு, உடை, பயிற்சியாளர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டினால் பெரும்பாலான புரோ வீரர்களுக்குப் போட்டி என்பது செலவுதான். ரயில்வே போன்ற துறைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு வயது வரம்பு இருபதுகளிலேயே முடிந்துவிடுவதால் அந்த வாசலும் நமக்கு மூடியிருக்கிறது. திறந்திருப்பது பயிற்சியாளர் பணி. நாற்பது, ஐம்பது வயதில் சர்க்கரையோடும் மூட்டு வலியோடும் ஜிம்முக்கு வருபவர் தன் வயதுக்காரரிடம் கற்றுக்கொள்ளத்தான் விரும்புவார். ஆகவே மூன்றாம் ஆண்டிலேயே அங்கீகாரமுள்ள பயிற்சியாளர் சான்றிதழ் படிப்பை முடித்து, மாலை நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குப் பயிற்சி தரத் தொடங்குங்கள். அந்த வருமானத்தில் போட்டிச் செலவை ஈடுகட்ட முடிந்தால்தான் தேசிய மேடைக்குப் போவது நியாயம்.

தகுதிப் போட்டிக்கு விண்ணப்பிக்குமுன் பார்க்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. கார்டு பெற்ற பிறகு அமெச்சூர் மூத்தோர் மேடைக்குத் திரும்ப பொதுவாக அனுமதி கிடைக்காது. புரோ போட்டிகள் பலவற்றில் வயதுப் பிரிவும் இல்லை. 27 வயதுக்காரர் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். மூத்தோருக்கான மாஸ்டர்ஸ் ஒலிம்பியா 1994 முதல் 2003 வரை நடந்து நின்றது, 2012-ல் ஒருமுறை நடந்தது, 2023-ல் ருமேனியாவில் மீண்டும் நடந்தது. நீங்கள் சேர நினைக்கும் அமைப்பின் இந்த ஆண்டுப் போட்டி அட்டவணையை எடுத்து, மூத்தோருக்கான புரோ போட்டிகளில் உங்கள் பயணச் செலவுக்குள் அடங்குபவை எத்தனை என்று குறித்துப் பாருங்கள். ஒன்றுகூட இல்லை என்றால் அந்த ஆண்டு தகுதிப் போட்டிக்குப் போகாமல், மூத்தோர் அமெச்சூர் மேடையிலேயே தொடர்ந்து போட்டியிடுங்கள்.